பன்னும் பலகாரந்தான்

என் மகள் அன்புச்செல்வியைப் பெண் பார்க்க நான்காவது முறையாக ஆட்கள் வருகிறார்கள் என்றதும், இந்தத் தடவை வீட்டில் வைக்க வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

முதல் மூன்று தடவையும் வீட்டில்தான் பார்த்தார்கள். வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். தெருவே எங்கள் வாசலில் நின்றது. கேசரி தின்றார்கள், காபி குடித்தார்கள், பெண்ணைப் பார்த்தார்கள். "ஊருக்குப் போயி கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புறோம்" என்று கும்பிட்டுவிட்டு வேனில் ஏறினார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை.

அவர்கள் சொல்லாததைத் தெரு சொன்னது. முதல் தடவை, பெண் கறுப்பு என்றது. இரண்டாவது தடவை, ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி பார்க்கிற பெண்ணை எவன் கட்டுவான் என்றது. மூன்றாவது தடவை, தகப்பன் மூட்டை தூக்குகிறவன், என்ன செய்துவிடப் போகிறான் என்றது. மூன்றில் எது நிஜம் என்று எங்களுக்குத் தெரியாது. மூன்றுமே பொய்யாகவும் இருக்கலாம்.

அன்புச்செல்வி விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வயது இருபத்தேழு. நானும் விழுப்புரத்தில்தான் வேலை செய்கிறேன். விவசாயிகள் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கொண்டுவந்து விற்கிற கமிட்டியில் மூட்டை தூக்குகிறேன். முப்பத்தொரு வருஷம் ஆகிறது. வீடு மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பனும் மகளும் ஒரே பஸ்ஸில் போவோம், அவளுக்குப் பகல் டூட்டியாக இருந்தால்.

நான்காவது இடத்தைச் சொன்னவன் முத்துசாமி. என்னோடு மூட்டை தூக்குகிறவன். அவன் பெண்சாதிக்குத் தூரத்து உறவு. ஊர் கண்டாச்சிபுரம் பக்கம். பையன் பெயர் சேரன், ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. அப்பா பெயர் விருத்தாசலம், கரும்பு வெட்டுக்குப் போகிறவர். அம்மா கெங்கம்மாள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகிறவர்கள், அவர்கள் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். தாத்தா காலத்தில் இரண்டும் ஒரே ஆட்கள்தான் என்பதால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

போகிறதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"ப்பா, நாளைக்கி நான் வர்றேன். ஆனா ஒண்ணு."

"சொல்லு."

"சரின்னா சரின்னு சொல்லணும். இல்லன்னா இல்லன்னு சொல்லணும். ஏன் இல்லன்றதையும் சொல்லணும். சொல்லி அனுப்புறோம்னு அவங்க சொல்லி, நீயும் தலய ஆட்டிக்கினு வந்தியான்னா, இதோட நான் எவன் முன்னாடியும் வந்து உக்கார மாட்டேன். மெய்யாலுமே சொல்றேன்."

"கேட்டு வாங்குறேன்" என்றேன்.

அடுப்பிலிருந்து என் மனைவி லூர்துமேரி சிரித்தாள். "கேட்டு வாங்குவாராம்ல. பொண்ணு வூட்டுக்காரன் எங்கியாவது வாயத் தொறந்து கேட்டிருக்கானா? கமிட்டில மூட்டைக்கு ஆளு கூப்புடற மாதிரி கேப்பாரு போல."

"நீ சும்மா இரும்மா" என்றாள் மகள். "அப்பா சொல்லிட்டாரு இல்ல."

சொல்லிவிட்டேன். எப்படிக் கேட்பது என்று அப்போது யோசிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசி முடிகிற வரைக்கும் பையன் வீட்டார் பெண் வீட்டாரிடம் சாப்பிட மாட்டார்கள். காபி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம். சாப்பாட்டில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதைக் கை நனைப்பது என்போம். கை நனைத்துவிட்டு அப்புறம் வேண்டாம் என்று போனால் அது பெரிய குற்றம். ஊர் தூற்றும். அந்த வீட்டுக்கே ஆகாது என்பார்கள். கெங்கம்மாள் இதில் கறாரான ஆள். முத்துசாமி மூலமாக முன்னாடியே சொல்லி அனுப்பியிருந்தாள்: "காபி பலகாரத்தோட நிறுத்திக்கணும். சோத்துக்குக் கூப்புடக் கூடாது."

இடத்தை அன்புச்செல்விதான் சொன்னாள். திண்டிவனத்தில் ஒரு ஐஸ்கிரீம் கடை, பர்கரும் விற்கிறார்கள். அவளோடு வேலை செய்கிற பெண்கள் யாருக்காவது பிறந்தநாள் என்றால் அங்கே போவார்களாம். விழுப்புரம் என்றால் அவளுக்குத் தெரிந்தவர்கள், எனக்குத் தெரிந்தவர்கள். திண்டிவனத்தில் எங்களை யாருக்கும் தெரியாது.

"அங்க எல்லாம் குடும்பத்தோட வந்து திம்பாங்க. பக்கத்து டேபிள்ல யாரு இன்னா பேசறாங்கன்னு யாரும் பாக்க மாட்டாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டேரிப்பட்டில் பஸ் பிடித்தோம். பதினொன்றரைக்குக் கடைக்குப் போய்விட்டோம். முன்னால் பிளாஸ்டிக் சறுக்குமரம், அதில் ஏழெட்டுப் பிள்ளைகள். உள்ளே ஏசி. ஒரு பக்கத்துச் சுவரில் பலூன் கட்டி ஏதோ ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.

அவர்கள் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். விருத்தாசலம் வெளியே சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் நின்று பிள்ளைகள் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "நீங்கதான சவுரிராயன்? வாங்க வாங்க. உள்ள ஐஸ் பொட்டிக்குள்ள வெச்ச மாதிரி இருக்குது, அதான் வெளிய நிக்கிறேன்" என்றார்.

உள்ளே மூலையில் கெங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான ஆள். மடியில் ஒரு துணிப்பை, அதிலிருந்து தண்ணீர் பாட்டில் தலை நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரைக்கூட வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தாள். பையன் சேரன் எழுந்து நின்று கும்பிட்டான். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. அன்புச்செல்வியும் கும்பிட்டாள். இருவரும் எதிரெதிரே ஒரு நிமிஷம் நின்றார்கள். பிறகு உட்கார்ந்தார்கள்.

கெங்கம்மாள் என் மகளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒருமுறை பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள்.

"பஸ்ஸு கூட்டமா இருந்துச்சிங்களா?" என்று கேட்டாள் லூர்துமேரி.

"ரெண்டு பஸ்ஸு மாறி வந்தோம். காலைல ஆறு மணிக்கிக் கெளம்பனது" என்றாள் கெங்கம்மாள். "ஒண்ணும் திங்கல. இவருக்கு பஸ்ஸுல வாந்தி வரும்."

"எனக்குத்தான வாந்தி வரும்? நீ ஏன் திங்காம வந்த?" என்றார் விருத்தாசலம்.

"ஒத்தையில திங்கறதுக்கு நான் இன்னா பேயா?"

சீருடை போட்ட ஒரு பெண் எங்கள் மேசைக்கு வந்தாள். சட்டையில் ரோஜா என்று பெயர் குத்தியிருந்தது. "ஆர்டர் கவுன்டர்ல குடுத்துட்டு உக்காருங்கண்ணா. சண்டே, டேபிள் வெயிட்டிங் இருக்குது" என்றாள். வாசலில் இரண்டு குடும்பம் நின்றுகொண்டிருந்தது உண்மைதான்.

"பசங்க ரெண்டு பேரும் தனியா பேசிக்கட்டுமே, அந்த சின்ன டேபிள்ல" என்றார் விருத்தாசலம். அவர்கள் இரண்டு பேரும் கண்ணாடிச் சன்னல் ஓரத்தில் போய் உட்கார்ந்தார்கள். நான் கவுன்டருக்குப் போனேன்.

தலைக்கு மேலே பெரிய பலகை. படம் போட்டு, பக்கத்தில் தமிழிலேயே எழுதியிருந்தார்கள். எனக்கு எழுத்து தெரிந்து ஆறு வருஷந்தான் ஆகிறது. பெரிய எழுத்தைப் படித்துவிடுவேன். சின்ன எழுத்தாக இருந்தால் நேரம் பிடிக்கும், பின்னால் ஆட்கள் நின்றால் விட்டுவிடுவேன். ஃபேமிலி காம்போ என்பதைப் படித்தேன். அதற்குக் கீழே இருந்த சின்ன எழுத்தை விட்டுவிட்டேன். அந்த ரோஜாதான் கவுன்டரிலும் நின்றாள்.

"இது இன்னாம்மா?"

"ஆறு பேருக்குண்ணா. ஆறு பர்கர், ஆறு ஐஸ்கிரீம், ஃப்ரைஸ். சண்டேல எல்லாரும் இதான் வாங்குறாங்க."

"பர்கர்னா பன்னுதான?"

"பன்னுதாண்ணா. உள்ள வெச்சிருக்கும்."

பேக்கரியில் பன்னுக்குள் தேங்காய்ப்பூ வைப்பார்கள், உருளைக்கிழங்கு வைப்பார்கள். அப்படித்தான் நினைத்தேன். நாங்கள் ஆறு பேர். பன்னும் ஐஸ்கிரீமும் பலகாரம். கெங்கம்மாள் சொல்லி அனுப்பினதற்குள் அடங்கிவிடும். "அதையே குடும்மா" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். நானே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஐஸ்கிரீம் அப்புறம் தருகிறோம் என்றார்கள். இரண்டு பொட்டலத்தைச் சன்னல் ஓரத்து மேசையில் வைத்தேன். சேரன் கைப்பேசியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். என் மகள் வெளியே சறுக்குமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீதியை எங்கள் மேசையில் வைத்தேன்.

கெங்கம்மாள் ஒன்றை எடுத்துக் காகிதத்தோடு திருப்பிப் பார்த்தாள். "இன்னாது இது?"

"பன்னுங்க."

"பன்னுன்னா பரவால்ல." காகிதத்தைக் கொஞ்சம் பிரித்து மோந்து பார்த்தாள். "டீக்கடை பன்னு மாதிரி இல்லயே, எள்ளு போட்டிருக்குது."

"டவுன் பன்னு" என்றார் விருத்தாசலம். அவர் அதற்குள் ஒரு வாய் கடித்திருந்தார்.

காலை ஆறு மணியிலிருந்து வெறும் வயிறு. கெங்கம்மாள் வேகமாகத்தான் தின்றாள். பாதிக்கு மேல் போய்விட்டது. அப்போது மென்றுகொண்டிருந்தவள் நின்றாள். பன்னைப் பிரித்து உள்ளே பார்த்தாள். வெளியே முறுகலாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருந்ததை விரலால் குத்தினாள்.

"இது கறி."

"கோழிக்கறி" என்றார் விருத்தாசலம். அவருடையது முடிந்துவிட்டது. காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்குது."

"வாய மூடு." கெங்கம்மாள் மீதியை மேசையில் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். "கறியா? கறியா போட்டுக் குடுத்தீங்க?"

பிறந்தநாள் மேசையில் கேக் வெட்டினார்கள். எல்லாரும் கை தட்டிப் பாடினார்கள். அவர்கள் பாடி முடிக்கிற வரைக்கும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "பன்னுன்னுதான் சொன்னாங்க."

"தெரியாதா? படிச்சிப் பாத்துதான வாங்கினீங்க? அங்க நின்னு அண்ணாந்து படிச்சிக்கினு இருந்தத நான் பாத்தனே!" குரல் உயரவில்லை. "சோத்துக்குக் கூப்புடாதீங்கன்னு சொல்லி அனுப்பனேன். சோறுன்னா வர மாட்டாங்கன்னு பன்னுக்குள்ள கறிய வெச்சி, கை நனைக்க வெச்சிட்டீங்க."

"ஐயோ, அப்பிடி இல்லண்ணி" என்றாள் லூர்துமேரி. ஆனால் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன்.

"நீ கொஞ்சம் ஜாஸ்தி பேசற கெங்கா" என்றார் விருத்தாசலம். "எல்லாரும் பாக்கறாங்க."

"நீ தின்னு முடிச்சிட்ட இல்ல? ஒரு துண்டு மிச்சம் வெச்சியா? முழுசா கை நனைச்சிட்டு எனக்கு புத்தி சொல்றியா?" அவள் என் பக்கம் திரும்பினாள். "எங்க சின்ன நாத்தனார பாக்க வந்தவங்க இப்பிடித்தான், நெறைய தின்னுட்டு, கைய கழுவிக்கினு, அப்புறம் வேணான்னுட்டாங்க. அந்தப் பொண்ணு கெணத்துக்கிட்ட போயி நின்னுது. நான்தான் இழுத்தாந்தேன். அந்தப் பாவத்த நான் பண்ண மாட்டேன்."

பாட்டிலைத் திறந்து அவள் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தாள்.

"சரி. தின்னாச்சி. இனிமே இல்லன்னு சொல்றதுக்கு வாய் இல்ல. அண்ணே, நாள் பாருங்க."

அதுவரைக்கும் முறை எதுவும் சொல்லாமல்தான் பேசினாள். அண்ணே என்றது அதுதான் முதல் தடவை. பையனைப் பெற்றவளுக்குப் பெண்ணைப் பெற்றவன் அண்ணன் முறை. முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டால் முடிந்தது. கேசரி தின்ற மூன்று வீட்டில் ஒருவரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

லூர்துமேரி மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். பேசாதே என்று அர்த்தம். "ரொம்ப சந்தோஷம் அண்ணி" என்று அவளே சொன்னாள். "மாதாவுக்கு நேந்துக்கினு இருந்தேன்."

நான் கெங்கம்மாள் முகத்தைப் பார்த்தேன். கமிட்டியில் நூறு கிலோ மூட்டையை ஒருவன் முதுகில் ஏற்ற இரண்டு பேர் தூக்கிக் கொடுக்க வேண்டும். அதில் ஒருவன் மனசில்லாமல் தூக்கினால் முகத்திலேயே தெரியும். அந்த மூட்டையை வாங்கக் கூடாது. வாங்கினால் பத்தடி போவதற்குள் இடுப்பைப் பிடிக்கும். நான் அப்படி வாங்கி ஒரு மாதம் படுத்திருக்கிறேன்.

சன்னல் பக்கம் பார்த்தேன். அன்புச்செல்வி எங்கள் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பேசுகிறோம் என்று அவளுக்குக் கேட்டிருக்காது.

"அது சாப்பாடு இல்லீங்க" என்றேன்.

"இந்தா, சும்மா இரு" என்றாள் லூர்துமேரி.

"பன்னுதான். டீக்கடையில தெனமும் பன்னு திங்கறோம். அதுக்காக டீக்கடைக்காரன் வூட்ல பொண்ணு எடுக்கறோமா?"

விருத்தாசலம் சத்தமாகச் சிரித்தார். "அதான! அப்பிடிப் பாத்தா எனக்கு ஊரு பூரா சம்பந்தி இருக்கணும்."

"கறி இருக்குதே" என்றாள் கெங்கம்மாள். ஆனால் என்னைக் கவனித்துக் கேட்டாள்.

"பேக்கரில பப்ஸுலயுந்தான் கறி வெக்கிறான். அத யாரும் சாப்பாடுன்னு சொல்றதில்ல. எல போட்டமா? சோறு வெச்சமா? கொழம்பு ஊத்தி யாராவது பரிமாறனாங்களா? காயிதத்துல சுத்தி குடுத்தாங்க, பிரிச்சித் தின்னோம். பலகாரந்தான்."

"வயிறு ரொம்புதே."

"பசியில தின்னா கேசரியும்தான் ரொம்பும்."

அவள் யோசித்தாள். மேசையில் இருந்த மீதிப் பன்னைப் பார்த்தாள். "அப்ப பலகாரம்ன்றீங்க."

"பலகாரந்தான்."

"நாளைக்கி எங்க ஊருல வந்து, கை நனைச்சிட்டுப் பூட்டாங்கன்னு சொல்ல மாட்டீங்களே? முத்துசாமிகிட்ட சொல்ல மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"உங்க வீட்டம்மா?"

லூர்துமேரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவளும் சொல்ல மாட்டா" என்றேன்.

கெங்கம்மாள் நீளமாக மூச்சு விட்டாள். முதுகை நாற்காலியில் சாய்த்தாள். கடைக்குள் வந்ததிலிருந்து அவள் சாயவே இல்லை. பிறகு துணிப்பையை எடுத்து மடியில் நேராக வைத்துக்கொண்டு, "அப்ப நாங்க ஊருக்குப் போயி, கலந்து பேசிட்டு, சொல்லி அனுப்புறோம்ங்க" என்றாள்.

லூர்துமேரி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

நான் கை தட்டி அன்புச்செல்வியைக் கூப்பிட்டேன். அவள் வந்தாள். பின்னாலேயே சேரனும் வந்தான். இரண்டு பேரும் மேசைக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"சொல்லி அனுப்ப வேணாம்மா" என்றேன் கெங்கம்மாளிடம். "மூணு எடத்துல சொல்லி அனுப்புறன்னாங்க. இன்னும் அந்தச் சேதி வந்துக்கினேதான் இருக்குது. நீங்க இங்கயே சொல்லிடுங்க. சரின்னாலும் சொல்லுங்க, இல்லன்னாலும் சொல்லுங்க. இல்லன்னா ஏன்னு சொல்லுங்க. உங்கமேல நாங்க வருத்தப்பட மாட்டோம். பொண்ணு கேக்கணும்னு ஆசப்படுது."

"இதெல்லாம் மூஞ்சிக்கி நேரா கேக்கறதாங்க?" என்றாள் அவள். "பொண்ண நிக்க வெச்சிக்கினு?"

"நான் நிக்கிறேன், பரவால்லங்க. சொல்லுங்க" என்றாள் அன்புச்செல்வி.

கெங்கம்மாள் புருஷனைப் பார்த்தாள். விருத்தாசலம் உருளைக்கிழங்குத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "சொல்லு. அவரு உனக்கு விட்டுக் குடுத்தாரு இல்ல? நீயும் நேரா சொல்லிடு."

"அப்ப சொல்றேன். இல்லம்மா. வேணாம்."

"ஏங்க?"

கெங்கம்மாள் நாற்காலியிலிருந்து அண்ணாந்து பார்த்தாள். "நீ ஒசரமா இருக்கற. என் புள்ள உன் காதுகிட்ட நிக்கிறான். வந்து நின்ன ஒடனே பாத்துட்டேன். போட்டோவுல தெரியல. ரெண்டு பேரையும் பந்தல்ல நிக்க வெச்சா ஊரே சிரிக்கும். காலத்துக்கும் அவன கேலி பேசுவாங்க. அதான்."

அன்புச்செல்வி சேரனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"கறுப்பா இருக்கறதுக்காக இல்லயா?"

"கறுப்புல இன்னாடி இருக்குது? நான் மட்டும் இன்னா வெள்ளக்காரியா?"

"ராத்திரி டூட்டி?"

"என் புள்ளயுந்தான் ராத்திரி ஷிப்டு பாக்கறான்."

"எங்கப்பா மூட்டை தூக்கறது?"

"இவரு இன்னா தாசில்தாரா?" என்று விருத்தாசலத்தைக் காட்டினாள். "கரும்பு வெட்டறவருதான்."

என் மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது. எதனால் என்று நான் கேட்கவில்லை. சேரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"மனசுல வெச்சிக்காதண்ணே" என்றாள் கெங்கம்மாள் என்னிடம். இந்த அண்ணே வேறு மாதிரி இருந்தது. முறைக்காகச் சொன்னதில்லை, வாயில் வந்ததைச் சொன்னாள்.

"இல்லம்மா. கேட்டேன், சொன்னீங்க."

ரோஜா ஐஸ்கிரீம் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஆறு கிண்ணம். இரண்டு பேர் நிற்பதைப் பார்த்து, "சேர் போடட்டுமாண்ணா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். அன்புச்செல்வியும் சேரனும் உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணு தோணுது" என்றார் விருத்தாசலம். "இல்லன்னு சொல்லியாச்சி. இனிமே நம்ம எத தின்னாலும் யாருக்கும் எந்த பாத்தியதையும் இல்ல. சரிதான கெங்கா?"

கெங்கம்மாள் அதை யோசித்துப் பார்த்தாள். வழக்கத்தில் அதற்குக் குறுக்கே ஒன்றும் இல்லை. மேசையில் கிடந்த மீதிப் பன்னை எடுத்தாள். கறியைத் திரும்ப உள்ளே வைத்து, மூடி, நிதானமாகத் தின்றாள். தின்று முடித்துவிட்டு, "காரம் பத்தல. மத்தபடி நல்லாத்தான் இருக்குது" என்றாள். லூர்துமேரி தன் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. விருத்தாசலம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் அதை அவர் பக்கம் தள்ளினாள்.

ஐஸ்கிரீமைக் கெங்கம்மாள் மெல்லத் தின்றாள். பல் கூசியது. என் மகளிடம், அவள் ஆஸ்பத்திரியில் முட்டிவலிக்கு நல்ல டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டாள். அன்புச்செல்வி, எந்த நாள், எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த வாசலில் சீட்டு போட வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். கெங்கம்மாள் அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

வாசலில் பிரிந்தோம். அவர்களுக்கு விழுப்புரம் பஸ் உடனே வந்துவிட்டது. நாங்கள் கூட்டேரிப்பட்டில் நிற்கிற பஸ்ஸுக்காக வெயிலில் நின்றோம்.

பஸ்ஸில் லூர்துமேரி தனியாக முன்னால் போய் உட்கார்ந்தாள். ஏறும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "கைக்கி வந்தத கீழ போட்டுட்ட." அவள் சொன்னது பொய் இல்லை.

அன்புச்செல்வி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி ஊரைத் தாண்டினதும் பேசினாள்.

"அந்த ஆளு இன்னா பேசனான்னு கேக்கலயேப்பா."

"இன்னா பேசனான்?"

"உக்காந்த ஒடனே கேட்டான், உங்க ஹைட்டு எவ்ளோன்னு. நூத்தி எழுவத்திரெண்டுன்னேன். அதுக்கப்புறம் போன நோண்டிக்கினு இருந்தான்."

"அப்ப உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"எங்க தெரியும்? சும்மா கேக்கறான்னு நெனச்சேன்." கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்த மூணு பேருகூட இதுக்குத்தானோ இன்னாவோ" என்றாள்.

"இருக்கும்."

"இல்லாமயும் இருக்கும்."

"ஆமா."

"அடுத்து யாராவது கேட்டா ஒசரத்த மொதல்லயே சொல்லிடுப்பா. பஸ்ஸு மாறி வந்து அவங்க ஏன் பட்டினி கெடக்கணும்."

"சொல்லிடறேன்" என்றேன். அடுத்து என்று அவள் சொன்னதை நான் கவனித்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த லூர்துமேரியும் கவனித்திருப்பாள். அவள் தலை லேசாகத் திரும்பியது. மறுபடி நேரே பார்த்துக்கொண்டாள்.

கூட்டேரிப்பட்டில் இறங்கும்போது முத்துசாமி போன் செய்தான்.

"இன்னா ஆச்சி? இன்னா சொன்னாங்க?"

"இல்லன்னுட்டாங்க. பொண்ணு ஒசரமாம்."

"யாரு சொன்னா?"

"கெங்கம்மாதான்."

"உன் மூஞ்சிக்கி நேராவா?"

"ஆமா. பொண்ணுகிட்டயே சொன்னாங்க."

போனில் லாரி போகிற சத்தம் கேட்டது.

"பரவால்லயே" என்றான். "நாளைக்கி மல்லாட்டை லோடு ரெண்டு லாரி வருதாம். ஜல்தியா வந்துடு."

வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.